ஓதெசெய்ஷ் ஊராருக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஓதெசெய்ஷ் ஊராருக்கு,

வணக்கம். இதைத் தமிழில்தான் எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த போர்த்துகீசியத்தை வைத்து ரொட்டி வாங்கலாம், பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்கலாம், அவ்வளவுதான். கைப்பேசியில் மொழிபெயர்த்து எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவதாக, நாங்கள் தங்கிய வீட்டுப் பாட்டியின் பேத்தி சொல்லியிருக்கிறாள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். கூடவே எங்கள் ஊர்க்காரர்களும் உங்களைப் பற்றித் தெரிந்துகொள்ளட்டும்.

அவர்களுக்காக ஒரு வார்த்தை. போர்ச்சுகலின் தென்மேற்கில், அலென்தேஜு பகுதி முடிந்து அல்கார்வ் பகுதி தொடங்கும் இடத்தில் இருக்கிற சிறிய ஊர் ஓதெசெய்ஷ். செய்ஷ் ஆறுதான் எல்லை. வெள்ளையடித்த வீடுகள், கதவு ஜன்னலைச் சுற்றி நீலப் பட்டை, மேட்டு உச்சியில் மாவரைக்கும் பழைய காற்றாலை. கடல் மூன்று நான்கு கிலோமீட்டர் தள்ளி. கோடையில் கூட்டம் வருமாம். நாங்கள் போனது மே மாதம், அப்போது இரவு எட்டு மணிக்கே தெருவில் பூனைகள்தான்.

நானும் அக்காவும் சாம்புஜெய்ராவிலிருந்து 'மீனவர் பாதை'யில் நடந்து வந்தோம். குன்றின் விளிம்பை ஒட்டியே போகும் சுமார் 18 கிலோமீட்டர், பெரும்பாலும் புதைமணல். பச்சையும் நீலமுமாகத் தீட்டிய கோடுகள்தான் வழிகாட்டி. அந்தக் கடற்கரையில் செங்கால் நாரைகள் அலை மோதும் பாறைகளின் உச்சியில் கூடு கட்டும். கடல் பாறையில் நாரை கூடு கட்டி நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஒரு கூட்டில் மூன்று குஞ்சுகள் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்துக்கொண்டே நடந்ததுதான் வினை. வலது கால் மணலுக்குள் போனது, கணுக்கால் மடங்கியது, நான் உட்கார்ந்துவிட்டேன். ஊருக்கு இன்னும் இரண்டு மணி நேர நடை இருந்தது.

பெர்செபெஷ் எடுக்கும் அண்ணன்மார் இருவருக்கும்தான் முதல் நன்றி. பறவைக் கால்நகம் போல இருக்கும் அந்தக் கடல் உயிரி, அலை அறையும் பாறையில்தான் ஒட்டி வளரும். நீர் வற்றும் நேரம் பார்த்துக் கயிற்றில் இறங்கி, இரும்புச் சுரண்டியால் பெயர்த்தெடுத்து, அடுத்த அலை வருவதற்குள் விலக வேண்டும். அப்படி இறங்கியவர்கள் சொட்டச் சொட்ட மேலே ஏறி வந்தபோது எங்களைப் பார்த்தீர்கள். மூத்தவர் என் காலை அமுக்கிப் பார்த்து உச்சுக்கொட்டினார். குன்றில் இறங்கிய அதே கயிற்றை நாலாக மடித்துத் தொட்டில் போலாக்கி, என்னை அதில் உட்காரவைத்து, ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு வண்டி நிற்கிற மண்பாதை வரை நடந்தீர்கள். உங்கள் விரல்களெல்லாம் பாறை கிழித்த தழும்பு. நான் இலேசான ஆள் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பணம் நீட்டியபோது இரண்டு பேருக்குமே கோபம் வந்துவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பாட்டி. அறை வாடகைக்கு எடுத்திருந்தோம், அவ்வளவுதான் நமக்குள் உறவு. வாசலில் என் காலைப் பார்த்ததும் நீங்கள் சமையலறைப் பக்கம் திரும்பி "துவால்யா!" என்று போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அக்கா என்னைப் பார்த்தாள். துவாலை! எங்கள் வீட்டில் இன்றைக்கும் டவல் என்று சொல்லமாட்டோம். 16ஆம் நூற்றாண்டில் உங்கள் கப்பல்கள் எங்கள் கரையில் விட்டுப்போன சொல், சாவி, ஜன்னல், மேசை, அலமாரி போல. அன்று பனிக்கட்டியைச் சுற்றிக்கொண்டு என் கணுக்காலுக்கே வந்து சேர்ந்தது.

அன்றிரவு நீங்கள் செய்து தந்த அசோர்தாவுக்குத் தனி மடலே எழுதலாம். பூண்டையும் உப்பையும் ஒரு கைப்பிடி கொத்தமல்லியையும் உரலில் இடித்து, ஆலிவ் எண்ணெய் விட்டு, கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, முந்தாநாள் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, மேலே ஒரு முட்டை. வெந்நீர் பட்டதும் எழுந்த அந்தக் கொத்தமல்லி வாசனையில் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பூண்டுக் காரம் என்று சொன்னாள். நம்பவில்லை நான்.

மறுநாள் வீக்கம் கூடியது. எங்கள் பயணக் காப்பீட்டு நிறுவனத்தின் உதவி எண்ணில் நாற்பது நிமிடம் இசைதான் ஒலித்தது. பாட்டி 112-ஐ அழைத்தார். வந்தது தீயணைப்பு வீரர்களின் ஆம்புலன்ஸ். போர்ச்சுகலில் தீயணைப்பும் ஆம்புலன்சும் பெரும்பாலும் இந்த 'பொம்பெய்ரோஷ்' கையில்தான், அவர்களிலும் பெரும்பான்மையோர் தன்னார்வலர்கள். வண்டி ஓட்டியவர் மற்ற நாட்களில் தச்சு வேலை செய்கிறாராம். 2023 ஆகஸ்டில் சாவ் தெயோதோனியு பக்கம் பிடித்த காட்டுத்தீ 8,000 ஹெக்டேருக்கு மேல் எரித்தபோது இந்த ஊரையே காலி செய்ய வேண்டியிருந்தது. அன்றைக்கும் வாசலில் வந்து நின்றது இவர்கள்தான் என்று பாட்டி சொன்னார். "கோழிகளைத் திறந்துவிட்டுவிட்டுக் கிளம்பினேன். திரும்பி வந்தபோது ஐந்து இருந்தன." எத்தனையில் ஐந்து என்று நாங்கள் கேட்கவில்லை. போர்த்திமாவில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு முறியவில்லை என்று தெரிந்த பிறகே அந்தத் தச்சர் கிளம்பினார். அவருக்கு நன்றி.

மருந்துக்கடையில் கைகொடுத்த நேபாளத்துத் தம்பியையும் விட முடியாது. ஒதெமிரா பக்கத்துப் பசுமைக்குடில்களில் ராஸ்பெர்ரி பறிப்பவர். கடைக்கார அம்மா போர்த்துகீசியத்தில் சொல்ல, அவர் அதை இந்தியில் அக்காவிடம் சொல்ல, அக்கா தமிழில் என்னிடம் சொன்னாள். மூன்று மொழி தாண்டி வந்த செய்தி: பாராசிட்டமால், சாப்பாட்டுக்குப் பின்.

ஒரு தவறையும் ஒப்புக்கொள்கிறேன். முதல் இரண்டு நாளும் எல்லோரிடமும் "ஒப்ரிகாது" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அது ஆண் சொல்வது, பெண் "ஒப்ரிகாதா" என்று சொல்ல வேண்டும் என்று பாட்டிதான் திருத்தினார். வெறும் 'நன்றி' இல்லையாம் அது, 'கடமைப்பட்டவள்' என்று பொருளாம். சரி, எங்கள் மொழியிலும் பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். கடமைப்பட்டிருக்கிறேன் பாட்டி.

தாத்தாவின் கைத்தடியைப் பேருந்து ஏறும்போது என் கையில் திணித்தீர்கள். அதை நான் வைத்துக்கொள்வது முறையில்லை. நேற்று லிஸ்பன் தபால் நிலையத்தில் கொடுத்து அனுப்பிவிட்டேன். அடி ரப்பர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது, புதிதாக ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறேன். கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், இரண்டு நாள் ஊன்றினால் சரியாகிவிடும்.

இப்படிக்கு,
மாடி அறையில் இருந்த தங்கை