வாட்டர் பெல் அடிக்கிறது, நாங்கள் தண்ணீர் குடிப்பதில்லை

பள்ளிக் கல்வித் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் ஒரு அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். பள்ளியின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எழுதினால் எங்கள் ஹெச்.எம். அம்மாவிடம் விளக்கம் கேட்பார்கள். கேட்க வேண்டியது அவரிடம் இல்லை.

போன வாரம் எங்கள் பள்ளியில் ஆய்வு நடந்தது. முந்தின நாளே பாத்ரூமை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, புது பக்கெட்டும் மக்கும் வைத்தார்கள். வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மறுநாள் காலை அந்த பக்கெட்டும் மக்கும் ஆபீஸ் ரூமுக்குப் போய்விட்டன. அதைப் பார்த்த கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

2025 ஜூன் கடைசியில் எல்லாப் பள்ளிகளிலும், தண்ணீர் குடிக்க நினைவூட்டும் வாட்டர் பெல் அடிக்கச் சொன்னீர்கள். காலை 11, மதியம் 1, பிற்பகல் 3 மணி. நல்ல திட்டம், மனசாரச் சொல்கிறேன். ஆனால் மணி அடித்ததும் எங்கள் வகுப்பில் பல பேர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் மட்டும் குடித்துவிட்டு மூடிவிடுவோம். நிறையக் குடித்தால் பாத்ரூம் போக வேண்டும். அந்த பாத்ரூமுக்குப் போவதை நினைத்தாலே தாகம் போய்விடுகிறது.

அங்கே பாதிக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மோட்டார் போடும் காலை நேரத்தில் மட்டும் குழாயில் தண்ணீர் வரும். பத்து நிமிட இன்டர்வெல்லில் வரிசையில் நின்று, முறை வருவதற்குள் பெல் அடித்துவிடும். பாட நேரத்தில் கேட்டால், "இப்பத்தானே இன்டர்வெல் முடிஞ்சது?" என்பார் மிஸ். அதனால் காலையில் வீட்டில் போவதோடு சரி, அப்புறம் சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான். ஸ்பெஷல் கிளாஸ் இருந்தால் இருட்டிவிடும். அடிவயிறு வலிக்க வலிக்க உட்கார்ந்து கெமிஸ்ட்ரி படிக்க முடியுமா என்று நீங்களே சொல்லுங்கள். எங்கள் வகுப்பில் யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்து லீவு போட்டவர்கள் இருக்கிறார்கள். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி டாக்டர் அனுப்புகிறார். மறுபடி அதே பள்ளிக்குத்தான் வருகிறோம்.

மாதவிடாய் நாட்களைப் பற்றியும் கூச்சப்படாமல் எழுதிவிடுகிறேன். புதுயுகம் திட்டத்தில் இலவசமாக நாப்கின் தருகிறீர்கள். அதை மாற்ற தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை வேண்டும். போட ஒரு குப்பைத் தொட்டி வேண்டும். இரண்டும் இல்லாததால் பேப்பரில் சுற்றி, புத்தகப்பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருகிற பெண்கள் உண்டு. பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டு அவர்கள் படும் அவஸ்தை எனக்குத் தெரியும். சிலர் அந்த நாட்களில் லீவே போட்டுவிடுகிறார்கள். அட்டெண்டன்ஸ் குறைந்தால் திட்டு வேறு.

எங்களுக்குத் தாழ்ப்பாள் போட முடிகிற, தண்ணீர் வருகிற, தினமும் கழுவுகிற பாத்ரூம் வேண்டும். இது சலுகை இல்லை. எல்லாப் பள்ளிகளிலும் குடிநீரும் கழிவறையும் ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012 அக்டோபரில் உத்தரவிட்டது. நான் பள்ளியில் சேரும் முன்பே வந்த உத்தரவு அது. இப்போது நான் பள்ளியை விட்டே போகப் போகிறேன்.

நாங்கள் எப்போதும் போனைத்தான் பார்க்கிறோம், பள்ளி எங்களுக்குப் பிடிக்கவில்லை என்று பெரியவர்கள் பேசுகிறார்கள். எங்களுக்குப் பள்ளி பிடிக்கும். தோழிகள் அங்கேதான் இருக்கிறார்கள். பிடித்த மிஸ்ஸும் உண்டு. ஆனால் பி.டி. பீரியடை மேத்ஸ் எடுத்துக்கொள்கிறது, சனிக்கிழமையை டெஸ்ட் எடுத்துக்கொள்கிறது. மார்க் எவ்வளவு என்று கேட்காத ஆளே இல்லை. நாள் முழுக்க அங்கே எப்படி இருக்கிறோம் என்று ஒருவரும் கேட்டதில்லை. நாற்பது பேர் எதிரே நின்றுகொண்டு, அவசரத்துக்குப் போக அனுமதி கேட்பது எவ்வளவு கேவலமாக இருக்கும் என்று உங்களில் யாராவது யோசித்ததுண்டா?

மன்னிக்கவும், கோபத்தில் வேறு எங்கோ போய்விட்டேன்.

கழுவுகிற அக்காவைக் குறை சொல்ல மாட்டேன். அத்தனை பெரிய பள்ளிக்கு அவர் ஒருவர்தான். அவருக்குக் கிடைக்கும் சம்பளம் மிகக் குறைவு, அதுவும் மாதாமாதம் ஒழுங்காக வருவதில்லை. அவருக்கு நியாயமான சம்பளத்தைக் கொடுத்து, கூட ஒருவரையும் போடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு அனுப்பியிருக்கிறார்கள், அதற்கும் ஒரு பதில் சொல்லுங்கள்.

ஆய்வுக்கு வருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தயவுசெய்து முன்கூட்டியே சொல்லாமல் வாருங்கள், மதியம் மூன்று மணிக்கு வாருங்கள். பெண் அதிகாரி ஒருவர் வந்தால் நல்லது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் விழுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கட்டும். பிறகு எங்கள் வகுப்புக்கு வந்து எங்களிடமே கேட்கட்டும். பொதுத் தேர்வுக்கு முன்னால் இதைச் சரிசெய்து கொடுங்கள் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்த மூன்று மணி நேரமும் நாங்கள் அதே பள்ளியில்தான் உட்கார்ந்து எழுத வேண்டும்.

இப்படிக்கு,
பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி