ஆறரை மணி ஃபால்ட்

கோத்தகிரி
கார்த்திகை 5

கண்ணு,

முதல்ல விஷயத்தைச் சொல்லிடறேன். நெட் சரியாகிடுச்சு. நாளையிலிருந்து பழையபடி ஆறரைக்குக் கூப்பிடு, மணி அடிக்கும். எப்படிச் சரியாச்சுன்னு போன்ல சொன்னா நீ "சரிம்மா, சரிம்மா"ன்னு பாதியிலேயே முடிச்சிடுவே. அதான் எழுதறேன்.

ஒரு மாசமா பட்ட பாடு உனக்கும் தெரியும். உனக்கு டப்ளின்ல மத்தியானச் சாப்பாடு ஒரு மணி, இங்க ஆறரை. நீ கூப்பிட்டது எதுவும் என் போன்ல அடிக்காது. ராத்திரி படுக்கப் போறப்ப மிஸ்டு கால்னு வரிசையா வந்து நிக்கும். வைஃபை குறி முழுசா இருக்கும், உள்ள ஒண்ணும் ஓடாது. நம்ம வீடு பள்ளத்துல இருக்கிறதால போன் டவரை நம்பவும் வழியில்லை.

கம்பெனிக்காரப் பையன் மூணு தடவை வந்தான். வந்ததெல்லாம் காலையில பதினோரு மணிக்கு. அப்ப நெட் கங்கை மாதிரி ஓடும். மூணாந்தடவை பாவம், மோடத்தையே மாத்திக் குடுத்துட்டுப் போனான். சாயந்திரம் திரும்பவும் அதே கதை. நான் மழையைச் சந்தேகப்பட்டேன், வோல்டேஜைச் சந்தேகப்பட்டேன். ஆறு மணிக்கு ஊரே நெட் பார்க்குது, அதனால இருக்கும்னு நினைச்சேன். கடைசியில உன் அக்கா மக பாப்பா டேப்புல வீடியோ பார்த்தே எல்லாத்தையும் தின்னுடறான்னு அவளைத் திட்டினேன். அவ டேப் மட்டும் நல்லா ஓடிட்டிருந்தது, அதுதான் என் கண்ணை உறுத்திச்சு. அந்தப் பிள்ளைகிட்ட அப்புறம் மன்னிப்புக் கேட்டுட்டேன், வர்க்கி வாங்கிக் குடுத்து.

நீ சொன்ன வைத்தியம் "மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்மா". பண்ணினேன். அதுவரைக்கும் ஓடிட்டிருந்த அவ டேப்பும் சேர்ந்து நின்னுச்சு! இதை மறக்காம வச்சுக்கோ, அப்புறம் சொல்றேன்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல, லைன் ஃபால்ட்டைச் சோதிக்கிற டெஸ்ட் டெஸ்க்குல உட்கார்ந்தவ நான். 198-ல கம்ப்ளெய்ன்ட் வந்தா நாங்க முதல்ல கேட்கிறது ஃபால்ட் வெளியிலயா, உள்ளயான்னுதான். எல்லா லைனும் வந்து சேர்ற எம்.டி.எஃப்.ல லைனைப் பிரிச்சு ரெண்டு பக்கமும் பார்ப்போம். ஒரு பக்கம் சுத்தம்னு தெரிஞ்சுட்டா பாதி வேலை முடிஞ்சுது. இந்த வயசுல அதை மறந்துட்டு மழையைக் குத்தம் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன் பாரு. பாப்பாவோட பழைய நோட்டு ஒண்ணை எடுத்து ஃபால்ட் புக் போட்டேன். நெட் போன நேரம், யார் போன்ல போச்சு, வீட்டுல அப்ப என்னென்ன ஓடிட்டிருந்தது, எல்லாம் எழுதினேன்.

ஒன்பதாம் நாள் உங்கப்பா ஒரு சாவுக்குக் கட்டபெட்டு போனார். வழியில மரம் விழுந்து, திரும்பி வர ராத்திரி ஆகிடுச்சு. அன்னைக்கு ஆறரைக்கு உன் கால் அடிச்சுது. நீகூட "இன்னைக்கு க்ளியரா இருக்கும்மா"ன்னே. போனை வச்சதும் நோட்டைப் புரட்டினேன். எட்டு நாளும் "கம்ப்யூட்டர், பாட்டு"ன்னு எழுதியிருக்கு, அன்னைக்கு மட்டும் இல்லை.

டேப் ரிக்கார்டர் நின்னு போனதிலிருந்து உங்கப்பா உன் பழைய கம்ப்யூட்டரைத்தான் போடறார். நீ லீவுல உட்கார்ந்து அவர் கேசட்டையெல்லாம் ஏத்தி வச்சியே, அந்தப் பாட்டுங்க. விளக்கு வச்சதும் கம்பளியைப் போர்த்திக்கிட்டு அதுக்கு முன்னாடி உட்கார்ந்தா எட்டு மணி வரைக்கும் எழுந்திருக்க மாட்டார். அவருக்கு நெட் வேண்டாம், அதனால அதுல நெட் வருதா வரலையான்னு பார்த்ததே இல்லை. ஃபைபர் போட வந்தவங்க மேஜை மேல கம்ப்யூட்டரைப் பார்த்துட்டு, சும்மா கிடந்த லேன் கேபிளை மோடத்துல சொருகிட்டுப் போயிருந்தாங்க.

டவுன்ல கடையில கேட்டேன். "வைரஸா இருக்கும், ஃபார்மட் அடிச்சுடலாம்"னாங்க. அவ்வளவு கேசட்டும் போயிடும். வேண்டாம்னு சொல்லிட்டு வந்து நானே உட்கார்ந்தேன்.

பாட்டு ஓடட்டும்னு விட்டுட்டு லேன் கேபிளை மட்டும் உருவினேன். என் போன்ல வைஃபையை அணைச்சுப் போட்டேன். நெட் வந்துச்சு. கேபிளைத் திரும்பச் சொருகி, மறுபடி அணைச்சுப் போட்டேன். போச்சு. அப்ப கரன்ட் கோளாறு இல்லை, கேபிள் வழியா அது என்னமோ பேசுது.

பாப்பா டேப்பையும் என் போனையும் பக்கத்துல வச்சு, வைஃபை விவரத்தைத் திறந்து ஒவ்வொண்ணுக்கும் இருக்கிற நெட் நம்பரைப் பார்த்தேன். டேப்புல 192.168.1.7. என் போன்ல 192.168.137.22! நம்ம ஊர் நம்பருக்கு முன்னாடி 04266 வரணும், வேற கோடு இருந்தா அது நம்ம எக்ஸ்சேஞ்ச் இல்லைன்னு எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லையே.

2005-க்கு மேல பிராட்பேண்ட் வந்தப்ப எங்களுக்கு டிரெயினிங்ல சொன்னது இது. வீட்டுக்குள்ள நுழையிற ஒவ்வொரு போனும் "எனக்கு ஒரு நம்பர் குடுங்க"ன்னு கேட்கும். குடுக்கிறது மோடத்தோட வேலை, டி.எச்.சி.பி.ன்னு பேர். நம்ம வீட்டுல அந்த வேலையை ரெண்டு பேர் பார்த்திருக்காங்க. உன் கம்ப்யூட்டரும் நம்பர் குடுத்து, "வெளிய போகணும்னா என் வழியா போ"ன்னு சொல்லியிருக்கு. அதுக்கே வெளிய போக வழியில்லை. ரெண்டுல யார் முந்தறாங்களோ அவங்க நம்பர்தான். அஞ்சு மணிக்கு நடக்கப் போய் ஆறேகாலுக்கு நான் வீட்டுக்குள்ள வர்றேன், என் போன் புதுசா கேட்குது, மாட்டிக்குது. டேப் காலையிலேயே நல்ல நம்பர் வாங்கிட்டு வீட்டுலயே கிடக்குது, தப்பிச்சுது. நீ சொன்னபடி மோடத்தை அணைச்சுப் போட்டதும் அதுவும் புதுசா கேட்டிருக்கு. கம்ப்யூட்டரை அணைச்ச உடனேயும் சரியாகாது, தப்பு நம்பரைப் பிடிச்சுக்கிட்டுப் போன் கொஞ்ச நேரம் முழிச்சுக்கிட்டிருக்கும். அதான் இத்தனை நாள் அது மேல சந்தேகமே வரல.

அடாப்டர் செட்டிங்ஸைத் திறந்தா பழைய கனெக்‌ஷன் ஒண்ணு மங்கலா இருந்துச்சு. நீ வச்ச பேர் "ஜன்னல்". கீழே "டிஸ்கனெக்டட், ஷேர்டு". பார்த்ததும் சிரிப்பு வந்துடுச்சு. 2012-ல கம்ப்யூட்டர்ல சொருகிற நெட் டாங்கிளைப் பால் கவர்ல போட்டு, நூல் கட்டி ஜன்னல் கம்பியில தொங்க விட்டியே, அங்கதான் ரெண்டு புள்ளி சிக்னல் வரும்னு. அக்காவுக்கு அரசாங்கம் குடுத்த லேப்டாப்புக்கும் நெட் வேணும்னு அழுதா. நீ கேபிள் இழுத்து இந்தக் கம்ப்யூட்டர் வழியா அவளுக்குக் குடுத்தே. டாங்கிள் போயி, லேப்டாப் போயி, நீங்க ரெண்டு பேரும் போயாச்சு. அது மட்டும் இன்னும் அக்காவுக்கு நெட் பங்கு போட்டுக்கிட்டு இருக்குது.

ஷேரிங்ல இருந்த டிக்கை எடுத்தேன். எடுக்கிறதுக்கு முன்னாடி நோட்டுல எப்படி இருந்துச்சோ அப்படியே எழுதி வச்சேன், அது எக்ஸ்சேஞ்ச் பழக்கம். மூணு நாள் பார்த்தேன், ஒரு தடவைகூடப் போகல. நாலாம் நாள் லேன் கேபிளையும் உருவிட்டேன். அதுல இருக்கிறது விண்டோஸ் 7. 2020 ஜனவரி 14-ஓட அதுக்கு அப்டேட் நின்னு போச்சு, அதை வச்சு நெட்டுல திரியக் கூடாது. அதே மாசம் 31-ஆம் தேதி நானும் வி.ஆர்.எஸ். வாங்கிட்டு பி.எஸ்.என்.எல்.ல இருந்து வந்தேன், ஞாபகம் இருக்கா? ரெண்டு பேரும் ஒரே பேட்ச்.

கம்பெனிப் பையனுக்குப் போன் பண்ணி ஃபால்ட் உள்ளதான்னு சொன்னேன். "எப்படி ஆன்ட்டி கண்டுபிடிச்சீங்க?"ன்னு கேட்டான். இனிமே யார் வீட்டுக்குப் போனாலும் ரெண்டு போனோட நம்பரைப் பக்கத்துல வச்சுப் பாருன்னு சொல்லியிருக்கேன்.

மழை விடலை. மெஷினுக்குப் பூஞ்சை பிடிக்காம இருக்க மேஜைக்கடியில நாற்பது வாட்ஸ் பல்பு போட்டு வச்சிருக்கேன், பூனை அங்கதான் தூங்குது. டாங்கிள் இன்னும் டிராயர்ல அந்தப் பால் கவரோடவே இருக்கு. தூக்கிப் போடவா, வச்சிருக்கவா?

உங்கப்பா ஒண்ணு கேட்கச் சொன்னார். பதினாலாவது கேசட்டுல ஏ சைடு மட்டும்தான் ஏறியிருக்காம், பி சைடைக் காணோமாம். நீ அங்க எடுத்துட்டுப் போன பெட்டியில அந்தக் கேசட் இருக்குதான்னு தேடிப் பார்த்துட்டு ஆறரைக்குச் சொல்லு.

அம்மா