ஒன்றரை ஷிப்ட்

அம்மணி கண்ணு,

போனில் பேசினால் "மீட்டிங் இருக்குப்பா, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் இந்தக் காகிதம்.

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒன்றே முக்காலுக்குக் கூப்பிட்டாய். லேப்டாப்பை இப்போதுதான் மூடினேன் என்றாய். வைக்கும்போது, "அன்னைக்கு அக்ரி காலேஜ் சீட்டை விட்டிருக்கக் கூடாதுப்பா" என்றாய். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஒன்றரை ஷிப்ட் உனக்குத் தெரியும். காலை எட்டரைக்குக் கம்பெனிக்குப் போனால் ராத்திரி எட்டரை, ஒன்பது. ஷிப்மென்ட் நெருங்கினால் விடிய விடிய. 2023-ல் 12 மணி நேர வேலைக்குச் சட்டசபையில் மசோதா நிறைவேற்றி, எதிர்ப்புக் கிளம்பியதும் மே தினத்தன்று வாபஸ் என்று அறிவித்தார்களே, அன்றைக்கு பேக்கரியில் டீ குடித்துக்கொண்டே நாங்கள் சிரித்தோம். வராத சட்டம் திருப்பூரில் எப்போதிருந்தோ நடக்கிறது.

நான் அப்படி ஒன்றரை ஷிப்ட் ஓடினது வீட்டுச் செலவுக்கு என்று நினைத்திருப்பாய். பாதிதான் உண்மை. 2009-ல் அம்மாவின் 6 பவுனையும் சீட்டுப் பணத்தையும் போட்டு ஒரு சாயப்பட்டறையில் பங்கு சேர்ந்தேன். 2011 ஜனவரியில் ஐகோர்ட் உத்தரவு வந்தது. கழிவுநீர் சொட்டுக்கூட வெளியே போகாதபடி செய்தால்தான் ஓட்டலாம் என்று 700-க்கு மேற்பட்ட பட்டறைகளைப் பூட்டினார்கள். வசதி உள்ளவர்கள் பிறகு திறந்தார்கள். நாங்கள் மெஷினைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளினோம்.

கடன் மூன்று வருஷத்தில் தீர்ந்தது. அதற்குப் பிறகும் ஒன்றரை ஷிப்ட்டை நான் விடவில்லை. சும்மா உட்கார்ந்தால் அம்மாவின் வெறுங்கழுத்துதான் கண்ணில் படும். கம்பெனியில் இருந்தால் அந்த நினைப்பு வராது. நீ எட்டாவது, ஒன்பதாவது படித்த காலத்தில் உன் முகம் எப்படி இருந்தது என்று யோசித்தால், தூங்குகிற முகம்தான் வருகிறது.

பட்டறையில் பணம் போடும்போதே கோர்ட்டில் கேஸ் நடப்பது எனக்குத் தெரியும். ஊரையே பூட்டுவார்கள் என்று யார் கண்டது? நகை போன வருத்தத்தை அம்மாவிடம் ஒரு நாள் வாய்விட்டுச் சொன்னேன். "நாந்தானுங்க கழட்டிக் கொடுத்தேன். நீங்க என்னமோ திருடிட்டுப் போன மாதிரி பேசறீங்க" என்றாள். அத்தனை வருஷமாக அவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை பார்.

நொய்யல் ஆற்று விஷயம் வேறு. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கின சாயத்தண்ணீரில் என் பங்கும் உண்டு. கீழே இருந்தவர்களின் கிணறு கெட்டது, நிலம் கெட்டது. அந்த வருத்தத்தை நான் இறக்கி வைக்கப் போவதில்லை. அது அடுத்தவர்களுக்குச் செய்தது.

நீ யாருக்கு என்ன செய்தாய்? பிளஸ் டூ முடித்த பிள்ளை. கடன் அப்போதுதான் தீர்ந்திருந்தது, வீட்டில் பயம் தீரவில்லை. கம்ப்யூட்டர் படித்தால் சீக்கிரம் சம்பளம் வரும் என்று நீயாகவே சொன்னாய். நானும் சந்தோஷமாகத் தலையாட்டினேன். அந்தப் பிள்ளையை ராத்திரி ஒன்றே முக்கால் வரைக்கும் உட்கார வைத்து வேலை வாங்குகிறாயே, அது எந்தக் கடனுக்கு? எங்களுக்கு நீ ஒன்றும் பாக்கி இல்லை. அந்த வேலை வேண்டாம் என்றால் விடு, வேண்டுமென்றால் இரு. இரண்டில் எதுவானாலும் எனக்குச் சம்மதம். ராத்திரி பத்து மணிக்குப் படுத்துவிடு.

நான் இப்போது ஐந்தரைக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறேன். முதல் ஒரு மாதம் என்ன செய்வதென்று தெரியாமல் கேட்டைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். பிறகு மாடியில் பத்துத் தொட்டி வைத்தேன். தக்காளியில் இலையெல்லாம் சுருண்டுகொண்டு வருகிறது. அடியில் வெள்ளையாக என்னவோ பறக்கிறது. வேப்ப எண்ணெய் அடிக்கலாமா, செடியைப் பிடுங்கிப் போட்டுவிடலாமா என்று தெரியவில்லை.

சனிக்கிழமை வந்து பார்த்துச் சொல். அம்மா சந்தகை பிழிகிறேன் என்கிறாள்.

அப்பா