தம்பிக்கு: ஆறாம் பக்கத்தில் நீ சேர்த்த குவாண்டம் பற்றி

அன்புள்ள தம்பி,

கதை வந்தது. இரண்டு தடவை படித்தேன், ஒரு தடவை பஸ்ஸில், இன்னொரு தடவை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பென்சிலோடு. கூடவே நீ கேட்டிருந்ததும்: "அண்ணே, இதை அறிபுனையா (அறிவியலை வைத்து நடக்கிற கதை) முடிக்கவா, மிகுபுனைவா (மந்திரம், மாயம் நடக்கிற கதை) முடிக்கவா? எதுக்கு மதிப்பு ஜாஸ்தி?" அந்த மதிப்புக் கவலைதான் உன் ஆறாம் பக்கத்தைக் கெடுத்திருக்கிறது.

ஐந்தாம் பக்கம் வரை எவ்வளவு நன்றாகப் போகிறது! சிவகங்கைப் பக்கம் ஒரு வறண்ட ஊர், எல்லாக் கிணறும் வற்றிப்போன கோடை, அப்பத்தா வீட்டுக் கிணற்றில் மட்டும் தண்ணீர், அது அடுத்த வருஷத்துத் தண்ணீர் என்பது அவளுக்கு மட்டுமே தெரியும். உருளை கிறீச்சிட வாளி மேலே வரும்போது, இன்னும் பெய்யாத மழையின் மண்வாசம் அதில் வருகிறது என்று எழுதியிருக்கிறாய் பார், அங்கே பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். அப்புறம் சென்னையிலிருந்து பேரன் வருகிறான், லேப்டாப்பைத் திறக்கிறான், 'பாறைக்குள் குவாண்டம் அலைவு' என்று இயற்பியல் வார்த்தைகளாக ஒரு முழுப் பத்தி பேசுகிறான். யாருக்காக? பேய்க்கதை எழுதுகிறான் என்று சிநேகிதர்கள் சிரிப்பார்கள் என்றுதானே? 'குவாண்டம்' வருகிற இடத்திலெல்லாம் 'முனி' என்று போட்டுப் படித்துப் பார்த்தேன். கதை ஒரு இம்மி அசையவில்லை.

நானும் இதில் அடிபட்டவன்தான். செவ்வாயில் நடக்கிற கதை ஒன்று எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? கடைசியில் நாயகி, செவ்வாயின் நிலாவான ஃபோபோஸ் கிழக்கே உதிப்பதைப் பார்த்து அழுவாள். ஒரு இயற்பியல் வாத்தியார் கடிதம் போட்டார். ஃபோபோஸ் செவ்வாயை ஒரு சுற்றுச் சுற்றி வர ஏழரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்தான் ஆகும், செவ்வாய் தன்னைத்தானே சுற்ற 24 மணி 37 நிமிஷம், ஆகவே அந்த நிலா மேற்கில் உதித்துக் கிழக்கில் மறையும், உங்கள் நாயகி எதிர்த்திசையில் பார்த்து அழுதிருக்கிறாள் என்று. எரிச்சல் அடங்க ஒரு வாரம் ஆனது. அதற்குப் பிறகுதான் உறைத்தது, பிழைக்கப் போன ஊரில் நிலாகூட மேற்கே உதிக்கிறது என்பதில் அவள் அழுவதற்கு நான் மாதக்கணக்கில் தேடிய காரணமே இருந்திருக்கிறது. கணக்குப் பார்க்கச் சோம்பல்பட்டதில் கதையையே கோட்டைவிட்டேன்.

கணக்குப் பார்த்தவர் ஒருவரைச் சொல்கிறேன். 1956 முதல் இலங்கையிலேயே வாழ்ந்த ஆங்கில அறிபுனை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், 1979இல் வந்த நாவல் ஒன்றில் பூமிக்கும் விண்வெளிக்கும் லிஃப்ட் கட்டினார். நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டரில் பூமியோடு சேர்ந்தே சுற்றுகிற சுற்றுப்பாதை இருக்கிறதே, அங்கிருந்து கயிறு இறங்க வேண்டும், அதன் அடி நிலநடுக்கோட்டில் ஊன்ற வேண்டும். அவருக்கோ இலங்கையின் சிவனொளிபாத மலை உச்சிமேல் ஆசை, அது நிலநடுக்கோட்டுக்குக் கிட்டத்தட்ட ஏழு பாகை வடக்கே இருக்கிறது. என்ன செய்தார்? தீவையே 800 கிலோமீட்டர் தெற்கே இழுத்துப் போட்டு, தப்ரபேன் என்ற பழைய பெயரையும் வைத்து, இப்படி நகர்த்தியிருக்கிறேன் என்று வாசகரிடமும் சொல்லிவிட்டார். தீவு நகரலாம், இயற்பியல் நகரக்கூடாது. அந்தப் பிடிவாதம் உனக்கு இருந்தால் அறிபுனை எழுது.

அதற்காக அறிபுனைக்காரர்கள் எல்லாம் சுத்தம் என்று நம்பிவிடாதே. ஈர்ப்பு விசையை மறைக்கிற ஒரு பொருளைக் கற்பனை செய்து ஆட்களை நிலாவுக்கு அனுப்பினார் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் (1901). எங்கே அந்தப் பொருளைக் காட்டட்டும் என்று பேட்டியில் சீண்டினார் பிரெஞ்சு எழுத்தாளர் ழூல் வெர்ன். ஆனால் 1865இல் தன் நாவலில் வெர்ன் ஆட்களை அனுப்பியதோ 900 அடி நீளப் பீரங்கியில் வைத்துச் சுட்டு! அவ்வளவு தூரத்துக்குள் விநாடிக்கு 11 கிலோமீட்டர் வேகம் எடுத்தால் உள்ளே இருப்பவர்கள் சட்னிதான்.

மிகுபுனைவில் கணக்கே வேண்டாம் என்பது அதைவிடப் பெரிய தப்பு. அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின் 1968இல் மந்திரவாதிச் சிறுவன் கதை, அடுத்த வருஷமே வேற்றுக்கிரக நாவல் என்று இரண்டையும் எழுதியவர், எந்தக் கட்சி என்று யாரிடமும் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. அந்தச் சிறுவனுக்கு மந்திரப் பள்ளியில் ஒரு பாடம்: இந்தத் தீவில் நீ மழையை வரவழைத்தால் இன்னொரு தீவில் வறட்சி வரலாம்.

இப்போது உன் கிணற்றுக்கு வா. ஏழாம் பக்கத்தில் அப்பத்தா பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு முந்நூறு குடம் இறைத்துக் கொடுக்கிறாள். எல்லாம் அடுத்த வருஷத்துத் தண்ணீர். ஒன்பதாம் பக்கத்தில் அடுத்த வருஷம் வந்துவிடுகிறது, கிணறு அப்படியே ததும்புகிறது! எப்படிடா? (ஆயிரம் அடி போர் போட்டு உறிஞ்சுகிறவர்கள் மந்திரமே இல்லாமல் இதைத்தான் செய்கிறார்கள், அவர்களுக்குக்கூட ஒரு நாள் மோட்டார் காற்றைத்தான் இழுக்கிறது.)

அறிபுனை என்றால் உன் கதையில் யாராவது ஒரு நோட்டு போட்டிருப்பார்கள். இத்தனை குடம் இறைத்தோம், மட்டம் இத்தனை முழம், இரட்டிப்பாக இறைத்தால் இரண்டு வருஷத்துத் தண்ணீர் வருமா என்று கல்லைக் கட்டிக் கயிறு விட்டுப் பார்ப்பார்கள். அப்படி ஒரு ஆள் உன் பதினோரு பக்கத்தில் எங்கேயும் இல்லை. உன்னிடம் இருப்பது, யாரைக் கேட்டு இறைத்தோம் என்று ராத்திரி தூக்கம் வராமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற ஒரு கிழவி. அவள் கடன்காரி. இது மிகுபுனைவுதான், கூச்சப்படாமல் எழுது.

பேரன் வரட்டும், லேப்டாப்பை மட்டும் சென்னையிலேயே வைத்துவிட்டு வரட்டும். அந்த முந்நூறு குடத்தை அவள் யாரிடம், எதை வைத்து அடைக்கிறாள்? ஒன்பதாம் பக்கத்து ஓரத்தில் பென்சிலில் இதைத்தான் கேட்டிருக்கிறேன். எழுதி அனுப்பு, ஆடியில் ஊருக்கு வரும்போது கிணற்றடியிலேயே உட்கார்ந்து படிப்போம்.

அன்புடன்,
அண்ணன்