ஜன்னல் டம்ளர்

பழைய வண்ணாரப்பேட்டை,
சென்னை - 21

அன்புள்ள விஜிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பேத்தி பிறந்த செய்தியைப் படித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தேன். தாயும் பிள்ளையும் சுகமாக இருக்க ஐந்து வேளையும் துஆ செய்கிறேன். இங்கே என் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. கத்திரி வெயிலில் வடகம் ஒரே நாளில் காய்ந்துவிடுகிறது, அந்த ஆசையில் மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கிறேன்.

வாசல் தொட்டியில் தெருநாய் தண்ணீர் குடிக்கும் போட்டோவைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு நாய் ஆகாதே, வீட்டில் ஒன்றும் சொல்லவில்லையா?" என்று கேட்டிருந்தாய். சொன்னார்கள். நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் போட்டுக் கழுவ வேண்டும் என்று ஹதீஸ், அதாவது நபிமொழி, இருப்பது உண்மைதான். ஆனால் அது பாத்திரத்தை எப்படிக் கழுவுவது என்பதற்கான சட்டம். நாயைத் தாகத்தில் விடு என்று அதில் எங்கே இருக்கிறது?

நோன்பு மாதத்தில் பக்கத்துத் தெருவில் பெண்களுக்கு பயான், அதாவது மார்க்கச் சொற்பொழிவு, நடந்தது. அங்கே மார்க்கம் படித்த ஓர் ஆலிமா, புகாரி என்ற ஹதீஸ் தொகுப்பில் உள்ள ஒரு ஹதீஸைச் சொன்னார். இஸ்ரவேலர்களில் ஒரு பெண், ஊரார் விபச்சாரி என்று ஒதுக்கியவள். தாகத்தில் சாகக் கிடந்த ஒரு நாய் கிணற்றைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்தாள். வாளியும் இல்லை, கயிறும் இல்லை. தன் செருப்பைக் கழற்றி, முக்காட்டை அவிழ்த்து அதில் கட்டி, கிணற்றில் இறக்கித் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். அதற்காகவே அல்லாஹ் அவளை மன்னித்துவிட்டான். இதே போல ஒரு மனிதர் நாய்க்குத் தண்ணீர் கொடுத்த ஹதீஸும் இருக்கிறது. மிருகங்களுக்குச் செய்தாலும் நன்மை உண்டா என்று தோழர்கள் கேட்டபோது, ஈரமான ஈரல் உள்ள ஒவ்வொன்றிலும் நன்மை உண்டு என்று நபிகள் நாயகம் (ஸல்) சொன்னார்கள். ஈரம், ஈரல். நம் தமிழில் நெஞ்சில் ஈரம் இருக்கிறதா என்று கேட்கிறோமே, அந்த ஈரம்தான் என்று எனக்குப் பட்டது.

அந்த முக்காடு என் மனசை விட்டுப் போகவில்லை, விஜி. தலையில் போட்டிருந்த துணியையும் காலில் கிடந்த செருப்பையும் அந்தப் பெண் ஒரு நாய்க்காகப் பாத்திரமாக்கினாள். அதை நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். ஜன்னலில் அந்த டம்ளர் இருந்தது.

எந்த டம்ளர் என்று உனக்குத் தெரியாது. உனக்கு எழுதவே வெட்கமாக இருக்கிறது. குப்பை வண்டி தள்ளிக்கொண்டு வரும் அம்மா தண்ணீர் கேட்டால் கொடுப்பதற்கென்று என் மாமியார் ஒரு சொட்டையான சில்வர் டம்ளரைத் தனியாக வைத்திருந்தார். அவர் மௌத்தான பிறகு நானும் அதையே செய்தேன், யோசிக்கக்கூட இல்லை. நாய் வாய் வைத்தது ஏழு தடவையில் சுத்தமாகிவிடுகிறது. அந்தம்மா குடித்த டம்ளரை இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் நாங்கள் உள்ளே எடுத்ததில்லை.

பள்ளிவாசலில் முதலாளியும் மூட்டை தூக்குகிறவரும் தோளோடு தோள் ஒட்டி நிற்கிறார்கள் என்று நாம் பெருமையாகச் சொல்வோம். உண்மைதான், என் வீட்டுக்காரரும் அப்படித்தான் போய் நின்றுவிட்டு வருகிறார். ஆனால் அவர் திரும்பி வரும் வாசலில்தான் இந்த ஜன்னலும் இருந்தது. நபித்தோழர் அபூதர் (ரலி) ஒரு தடவை ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழிவாகப் பேசிவிட்டார். "உன்னிடம் இன்னும் அறியாமைக் காலத்துக் குணம் இருக்கிறது" என்றார்கள் நபிகள். பணியாட்கள் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உண்பதையே கொடுங்கள், உடுப்பதையே உடுத்தக் கொடுங்கள் என்றும் சொன்னார்கள். பிற்காலத்தில் அபூதரும் அவருடைய பணியாளும் ஒரே மாதிரி உடை போட்டிருந்ததைப் பார்த்த ஒருவர் காரணம் கேட்டபோதுதான் அவர் இதைச் சொல்கிறார். தன் தப்பைத் தானே எடுத்துச் சொன்னார். அதனால்தான் நானும் உன்னிடம் சொல்கிறேன்.

உன் அம்மாவை நினைத்துக்கொண்டேன். அடிபம்பில் தண்ணீர் அடித்துக் களைத்து உங்கள் வீட்டுக்குள் ஓடி வருவோமே, பித்தளைச் சொம்பை அப்படியே நீட்டுவார். அண்ணாந்து குடி என்று ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை. நான் வாய் வைத்துக் குடித்து முடித்ததும் நீ வாங்கிக் குடிப்பாய்.

நீ கேட்காமல் விட்ட இன்னொன்றும் எனக்குத் தெரியும். உயிர்கள் மேல் இரக்கம் என்று எழுதுகிறாள், பக்ரீதுக்கு ஆடும் அறுக்கிறாளே என்று நினைப்பாய். இரண்டையும் ஒரே கையில் வைத்துக்கொள்வது எனக்கும் எளிதில்லை. அறுப்பதாக இருந்தால் கத்தியை நன்றாகத் தீட்டு, பிராணியை வதைக்காதே என்பது ஹதீஸ். இறைச்சியும் ரத்தமும் அல்லாஹ்வைச் சென்று சேர்வதில்லை, உங்கள் இறையச்சமே சேர்கிறது என்கிறது குர்ஆன். ஆட்டைத் தரதரவென்று இழுத்துப் போவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. சத்தமும் போட்டிருக்கிறேன்.

பூமியில் ஊர்ந்து திரிபவையும் சிறகடித்துப் பறப்பவையும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்று குர்ஆனில் அன்ஆம் அத்தியாயத்தில் வருகிறது. அதை ஓதும்போதெல்லாம் எனக்கு எண்ணூர்தான் நினைவுக்கு வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியதே. கூழைக்கடாக்கள் சிறகெல்லாம் கறுத்துக் கிடந்தன. மீனவர்கள் வெறுங்கையால் எண்ணெயை அள்ளினார்கள். பறவைக்கும் மனிதனுக்கும் அன்றைக்கு ஒரே கதிதான்.

சரி, டம்ளருக்கு வருகிறேன். மறுநாளே அதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டேன். அந்தம்மாவை உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். "காலெல்லாம் சகதிம்மா" என்று படியிலேயே நின்றுகொண்டார். நோன்புக் கஞ்சி கொடுத்தபோதும் படியில்தான் உட்கார்ந்து குடித்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன், முட்டி மடங்காமல். பத்துப் பன்னிரண்டு நாள் போனது. ஒரு நாள் வெயில் தாங்காமல் உள்ளே வந்து ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தார். நாங்கள் குடிக்கிற டம்ளரில் மோர் கொடுத்தேன். குடித்து முடித்ததும் எழுந்துபோய்த் தானே கழுவி, பழக்கத்தில் ஜன்னலில் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

அந்த நேரம் எனக்குப் பேச்சே வரவில்லை, விஜி. அவர் போன பிறகு எடுத்து அலமாரியில் மற்றவற்றோடு வைத்தேன். அடுத்த நாளும் ஜன்னலில்தான் வைத்தார். நேற்று அவர் எழுந்திருக்கும் முன்பே நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். அவர் சிரித்தார். எதற்கென்று நான் கேட்கவில்லை.

பேத்திக்கு மூன்று மாதம் ஆனதும் தூக்கிக்கொண்டு வா. எம்.சி. ரோட்டில் அவளுக்குச் சட்டை எடுக்க வேண்டும். அண்ணனுக்கு என் சலாம்.

அன்புடன்,
நூர்ஜஹான்