முட்டி வலிக்கு எத்தனை நாள் கரண்ட்?

ஆசிரியருக்கு வணக்கம்.

வேலூர், குடியாத்தம் பக்கம் பிசியோதெரபி என்றாலே மெஷினால் "கரண்ட் வைப்பது" என்றாகிவிட்டது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பின் 2016-ஆம் ஆண்டு கீழ்முதுகு வலி வழிகாட்டியோ அல்ட்ராசவுண்ட், டென்ஸ், ஐஎஃப்டி (இரண்டும் தோல் வழியே கரண்ட் கொடுப்பவை), டிராக்‌ஷன் (முதுகை இழுத்துவிடுவது), இடுப்பு பெல்ட் எதுவும் வேண்டாம் என்கிறது. அதே அமைப்பு 2022-இல் வெளியிட்ட மூட்டுத் தேய்மான வழிகாட்டியும் கரண்டை ஒதுக்கிவிட்டு உடற்பயிற்சியைத்தான் முன்னே வைக்கிறது. இங்கே மெஷினுக்கு 20 நிமிடம், பயிற்சிக்கு ஒரு ஜெராக்ஸ் தாள்.

அந்தத் தாளில் 'தொடைப் பயிற்சி செய்யவும்' என்று மட்டும் இருக்கும். மாத்திரையை அளவு போடாமல் எழுதித் தருவார்களா? முட்டித் தேய்மானத்துக்கு இப்படி எழுதலாம்: பிளாஸ்டிக் நாற்காலியில் தலையணை போட்டு உயரம் கூட்டி, கை ஊன்றாமல் எழுந்து உட்காரவும், 10 முறை, 3 சுற்று, வாரம் 3 நாள். சுலபமானதும் தலையணையை எடுத்துவிட்டு, பிறகு தாழ்வான திண்ணைக்கு மாறலாம். செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பயமில்லை. மறுநாளும் வலி ஏறியே இருந்தால், முட்டி வீங்கினால், எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். அடியோடு நிறுத்திவிடக் கூடாது. பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். இதை முதல் நாளே சொல்லாததால்தான் பலர் இரண்டாம் வாரத்திலேயே விட்டுவிடுகிறார்கள்.

வெளிநாட்டு வழிகாட்டியை அப்படியே தமிழாக்கினாலும் ஒத்துவராது. முறத்தை மடியில் வைத்து, சம்மணம் போட்டு நாளெல்லாம் பீடி சுற்றும் பேரணாம்பட்டுப் பெண் அதில் இல்லை. 'தரையில் உட்காராதீங்க' என்றால் அவருக்குக் கூலி போகும். மணைக்கட்டை போட்டு உட்காருவது, ஒரு கட்டு முடிந்ததும் எழுந்து நாலு எட்டு நடப்பது என்று அவர் வேலைக்குள்ளேயே வழி சொல்ல வேண்டும்.

ஆகவே நமக்கென்று ஒரு தமிழ் வழிகாட்டி வேண்டும். அதன் முதல் பக்கத்திலேயே எச்சரிக்கைகள் வர வேண்டும். முதுகு வலியோடு மாலைக் காய்ச்சலும் உடல் மெலிவும் இருந்தால் முதுகெலும்புக் காசநோயா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ தொடையிடுக்கு மரத்தாலோ அன்றே மருத்துவமனை, பயிற்சி பிறகு.

2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. அதில் வருபவர்கள் கையில் இப்படியொரு தமிழ் வழிகாட்டியைச் சுகாதாரத் துறை தர வேண்டும். தயாரிக்கும் குழுவில் பீடித் தொழிலாளியும் ஆம்பூர் ஷூ கம்பெனித் தொழிலாளியும் இருக்கட்டும். ஒவ்வொரு பரிந்துரைக்கும் பக்கத்தில் அதன் ஆதாரம் வலுவானதா, சுமாரா என்றும், அடுத்த திருத்தம் எந்த ஆண்டு என்றும் அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
பிசியோதெரபிஸ்டுகள் சிலர்,
குடியாத்தம்.