மேடவாக்கத்து வீடும் பாம்புகளும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் நேற்று வந்தது. சொந்த வீட்டுக்குக் குடிபோனது எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாய், அது அதைவிட நல்ல செய்தி. இங்கே அனைவரும் நலம். சின்னவளுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது.

நீ கேட்டதற்கு வருகிறேன். குளியலறைச் சுவரில் நீங்கள் பார்த்தது கட்டுவிரியன் இல்லை, ஓநாய்ப் பாம்பாகத்தான் இருக்கும். விஷமில்லாதது. பழுப்பு உடம்பு, கழுத்தருகே அகலமான வெள்ளைப் பட்டை, வால் பக்கம் போகப் போகப் பட்டைகள் மங்கிவிட்டன என்று மாலதி சரியாகவே கவனித்திருக்கிறாள். வளர்ந்த கட்டுவிரியனுக்கு இது நேர் எதிர். கருநீல மினுமினுப்பு, கழுத்துப் பக்கம் பட்டை இருக்காது அல்லது புள்ளியாக இருக்கும், பின்பாதியில்தான் மெல்லிய வெள்ளைக் கோடுகள், பெரும்பாலும் இரண்டிரண்டாக, தெளிவாகத் தெரியும். நிமிர்ந்த சுவரில் ஏறுவதும் ஓநாய்ப் பாம்பின் வேலை, பல்லி பிடிக்க ஏறும். ஆனால் குட்டிக் கட்டுவிரியனுக்கு முன்பக்கமும் பட்டை உண்டு. அதனால் இந்த அடையாளமெல்லாம் தூரத்திலிருந்து தெரிந்துகொள்வதற்குத்தான், கையில் எடுப்பதற்கு அல்ல.

அது ஏன் அங்கே வந்தது என்று யோசி. வாசல் டியூப்லைட்டை விடிய விடிய எரியவிடுகிறீர்கள். விளக்குக்குப் பூச்சி, பூச்சிக்குப் பல்லி, பல்லிக்குப் பாம்பு. இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்தாலே பாதி வேலை முடிந்தது. உங்கள் பகுதியில் மற்றப் பாம்புகளும் இப்படித்தான், இரையைத் தேடி வருகின்றன. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றியுள்ள தாழ்வான மண் அது. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் ஏறினால் வளைகளெல்லாம் மூழ்கும். எலி, தவளை, பாம்பு மூன்றும் மேடான இடம் தேடும். அந்த மேடு உன் வீட்டு அடித்தளம்தான். மழைக்குப் பிறகு அதிகம் தென்படுவது தண்ணீர்ப் பாம்பு. கழுத்தைத் தட்டையாக்கித் தலையைத் தூக்கும்போது நாகம் என்று பயந்து அடித்துவிடுகிறார்கள். சட்டென்று கடிக்கும், ஆனால் விஷம் கிடையாது.

பூண்டுத் தண்ணீர், பினாயில், சன்னல் ஓரம் கார்பாலிக் அமிலப் பாட்டில், வாசலில் சிறியாநங்கைச் செடி, இவற்றில் எதற்கும் காசு செலவழிக்காதே. எதுவும் பாம்பைத் தடுக்காது. அமிலம் குழந்தைகள் கையில் பட்டால் தோல் வெந்துவிடும். செலவு செய்ய வேண்டியது இடைவெளியை அடைப்பதற்கு.

கதவின் அடியில் ஒரு பென்சில் நுழைந்தால் குட்டிப் பாம்பும் நுழையும், சுண்டெலியும் நுழையும். எல்லா வெளிக்கதவுக்கும் தரையைத் தொடும்படி ரப்பர் பட்டை போடு. பின்கதவைத்தான் எல்லோரும் மறந்துவிடுவார்கள், அதுதான் கிணற்றடிப் பக்கம் திறக்கிறது. ஏசி குழாய் போகும் துளையை ஸ்பாஞ்சால் அடைத்தால் எலி ஒரே வாரத்தில் குடைந்துவிடும். உடைந்த கண்ணாடிச் சில்லைச் சிமெண்டில் கலந்து பூசு. கழிவுநீர்க் குழாய் வெளியே வந்து திறக்கும் வாயில் கால் அங்குலக் கண்ணுள்ள எவர்சில்வர் வலை வை, மாதம் ஒருமுறை குப்பையை எடு, இல்லாவிட்டால் தண்ணீர் எதிர்த்து வரும். புழங்காத குளியலறை இருக்கிறதே, அதில் வாரம் ஒருமுறை ஒரு வாளித் தண்ணீர் ஊற்று. நானி டிராப்பில், அதாவது தரைத் துளைக்கு அடியில் உள்ள கிண்ணத்தில், தேங்கும் தண்ணீர் காய்ந்துவிட்டால் குழாய் திறந்த வழிதான்.

வெளியே சுவரை ஒட்டி இரண்டடி அகலத்துக்கு எதுவும் இருக்கக் கூடாது. மாடிப்படிக்கு அடியில் மிச்சமான செங்கல், டைல்ஸ், தென்னை மட்டை எல்லாம் கிடக்கிறதாமே. பாம்புக்கும் எலிக்கும் அதைவிட வசதியான வீடு கிடையாது. அப்புறப்படுத்தும்போது கையை உள்ளே விடாதே. நீளமான கம்பால் மேலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டு, கனத்த செருப்பு போட்டுக்கொள், பகல் வெளிச்சத்தில் செய். நாய்க்கு வைக்கும் சோற்றுத் தட்டை இரவில் வெளியே விட்டுவைத்தால் பெருச்சாளி வரும், அதன் வளையில் பிறகு நாகம் குடியேறும். கீரைப் பாத்திக்கு நைலான் வலை போட்டிருந்தால் தரையில் தொங்கவிடாதே. சாரை அதற்குள் தலையை நுழைத்தால் செதில் மாட்டிப் பின்வாங்க முடியாமல் தோல் கிழிந்து செத்துப்போகும். வலையின் கீழ்விளிம்பைத் தரையிலிருந்து ஓரடி தூக்கிக் கட்டு, அல்லது எடுத்துவிடு.

மதிலோரம் திரியும் சாரையைப் பிடித்துக் கொண்டுபோய்விடச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் சேகர். பகலில் திரியும், விஷமில்லை, எலி வளைக்குள்ளேயே புகுந்து குட்டிகளையும் சேர்த்துத் தின்னும். மதிலோரம் போகிறவரை போகட்டும். பழகாத இடத்தில் கொண்டுபோய் விட்டால் அதற்கு வளை தெரியாது, இரை இருக்கும் இடம் தெரியாது, அலைந்தே சாகக்கூடும். அதைக் கொன்றால் 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். இரண்டு பாம்புகள் பின்னிப் பிணைந்து நிமிர்ந்து நின்றதை எதிர்வீட்டுக்காரர் சாரையும் நாகமும் இணைகின்றன என்று சொன்னாராம். அவை இரண்டும் ஆண் சாரைகள், ஒன்றையொன்று தரையில் அமுக்கப் பலம் பார்க்கும் சண்டை அது. சாரையும் நாகமும் இணைவதே இல்லை.

பாம்பு வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டால் குழந்தைகளையும் நாயையும் வெளியே அனுப்பு. உள்ளறைக் கதவைச் சாத்தி அடியில் ஈரத் துணியைத் திணி. எட்டடி தள்ளி நின்று ஒருவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் தீயணைப்புத் துறையை 101-இல் கூப்பிடட்டும். பார்வையிலிருந்து மறைந்துவிட்டால் தேடுவது பெரும்பாடு.

எனக்குக் கவலை அம்மாவைப் பற்றித்தான். கூடத்தில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். கட்டுவிரியன் இரவில் தரையோடு திரிவது, தூங்குகிறவர்களைக் கடிப்பது. கடிவாய் வலிக்காது, வீங்காது, தடமே தெரியாமலும் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி, பிறகு இமை கனத்துத் தொங்கும், விழுங்க முடியாது, மூச்சுத் தசைகள் தளரும். வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்து நேரத்தை இழப்பவர்கள் உண்டு. கட்டில் போடு, கொசுவலையை மெத்தைக்கு அடியில் சுற்றிலும் செருகு. கொசுவலை இதற்கு மிக நல்ல காப்பு. இரவில் வெளியே போனால் டார்ச் வேண்டும், ஏனென்றால் கண்ணாடி விரியன் நாம் வருவது தெரிந்தாலும் விலகாமல் சுருண்டு கிடக்கும். தடித்த உடம்பில் சங்கிலி போல மூன்று வரிசைப் புள்ளி, குக்கர் ஆவி போலச் சீறும். அதன் குட்டியை விஷமில்லாத மண்ணுளிப் பாம்பு என்று நினைத்துக் கையில் எடுத்துக் கடிபட்டவர்கள் ஏராளம்.

கடித்துவிட்டால் மோதிரம், வளையல், கொலுசைக் கழற்று, வீங்கிய பிறகு கழற்ற முடியாது. கடிபட்ட கையையோ காலையோ ஸ்கேல் வைத்து அசையாமல் கட்டு. நடக்கவிடாதே, 108-க்குச் சொல். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது எதுவும் கூடாது. இறுக்கிய கட்டால் காலே அழுகிப்போகும். பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். அந்த மருந்தைத் தயாரிக்கத் தேவையான பாம்பு விஷம் பெருமளவு, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், பாம்பு பிடிப்பதில் தேர்ந்த இருளர் பழங்குடியினர் 1978-இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தருவது. குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவு, ஏனென்றால் பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. மருந்தே சிலருக்கு ஒவ்வாமை தரும், அதனால் மருத்துவமனையில்தான் ஏற்ற வேண்டும். உன் பகுதியில் எந்த மருத்துவமனையில் இந்த மருந்தும் வென்டிலேட்டரும் இரவிலும் இருக்கின்றன என்று இந்த வாரமே நேரில் போய்க் கேட்டு, எண்ணைக் கதவில் எழுதி ஒட்டு.

பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை கிண்டி பாம்புப் பண்ணைக்குக் கூட்டிப் போ. கண்ணாடிக்குப் பின்னால் கட்டுவிரியனை ஐந்து நிமிடம் பார்த்தால் ஓநாய்ப் பாம்போடு குழம்ப மாட்டார்கள்.

பின்கதவின் அகலத்தையும் அடி இடைவெளியையும் அளந்து எழுது. பாரிமுனைப் பக்கம் வேலை இருக்கிறது, ரப்பர் பட்டை அங்கே மலிவு, வாங்கிக்கொண்டு வருகிறேன். அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
ரகு